எடைச் சீட்டும் டிபன் டப்பாவும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த வாரம் உங்கள் பிள்ளையின் பையில் ஒட்டிய கவர் ஒன்று வரும். உள்ளே உயரமும் எடையும் எழுதிய சீட்டு இருக்கும். போன வருடம் வரை அதை வகுப்பிலேயே உரக்கப் படித்து நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, மதியச் சாப்பாட்டை ஒரு வாரமாகக் கை கழுவும் தொட்டியில் கொட்டுவதை ஆயாம்மா பார்த்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. "குண்டுன்னு கூப்பிடறாங்க மிஸ்" என்றது பிள்ளை. கூப்பிட்டவர்களுக்கு அந்த எண்ணைக் கொடுத்ததே நாங்கள்தான்.

ஆகவே கவரைத் தம்பி தங்கைகள் முன்னால் பிரிக்க வேண்டாம். பிரித்ததும், உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று பார்க்கும் பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளுக்கு அது வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ப மாறும். இந்தியக் குழந்தை நல மருத்துவர்கள் சங்கம் 5 முதல் 18 வயது வரைக்கும் 2015-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை இருக்கிறது. அதை வைத்து மருத்துவர் சொல்லட்டும். எடை கூடுதல்தான் என்று அவர் சொன்னாலும் பட்டினி போடாதீர்கள். இந்த வயதில் பெரும்பாலும் எடை மேலும் ஏறாமல் பார்த்துக்கொண்டாலே போதும், உயரம் கூடக் கூடக் கணக்கு நேராகிவிடும். வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிச் சாப்பாடு என்பதும் வேண்டாம். மாற்றினால் எல்லார் தட்டையும் மாற்றுங்கள், அப்பா தட்டு உட்பட.

எங்கள் கண்ணில் படுவது இடைவேளை டப்பா. சுண்டலோ கொய்யாவோ கொண்டுவரும் பிள்ளை, பக்கத்தில் சிப்ஸ் பாக்கெட் பிரிபடும் சத்தம் கேட்டதும் டப்பாவை மூடிவிடுகிறது. காலை அவசரம் எனக்கும் தெரியும். என் பிள்ளைகள் பாதி நாள் பன்னும் ஜாமும் தின்று வளர்ந்தவர்கள்தான். இருந்தாலும் 250 மில்லி கோலாவில் ஏறக்குறைய 26 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு தேக்கரண்டி இருக்கிறது. அதை நாமே டம்ளரில் அள்ளிப் போடுவோமா? பாலில் கலக்கும் கடைப் பானப் பொடிகளும் அப்படித்தான். அவற்றை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலிலிருந்து எடுக்கும்படி 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய விற்பனைத் தளங்களிடம் சொன்னது. வெறும் பால் போதும்.

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. சரி, 51-ஆவது மீட்டரில் கடை இருக்கிறதே! அங்கே பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிப்போவது நாம்தான்.

எங்கள் பக்கமும் குறை உண்டு. பாடம் முடியவில்லை என்று பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வது இங்கே வழக்கமாகவே இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்வது நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட ஓட்டம், ஆட்டம். வாரத்துக்கு இரண்டே பீரியட் வைத்துவிட்டு அதையும் பிடுங்கினால் எப்படி? இனி அது நடக்காது. பள்ளி முடிந்ததும் மாலை 4.45 வரை மைதானம் திறந்திருக்கும். டியூஷன் இருந்தால் அரை மணி தள்ளிப் போடுங்கள். பிறந்தநாளுக்குச் சாக்லேட் வேண்டாம்; பென்சில் கொடுங்கள், அல்லது வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குக் குழந்தை நல மருத்துவர் ஒருவர் பள்ளிக்கு வருகிறார். பாட்டி, தாத்தாக்களையும் அவசியம் அழைத்து வாருங்கள். "புள்ள பூசினாப்ல இருந்தாத்தான் அழகு" என்று சொல்பவர்களுக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்