சீட்டு வாங்கித் தப்பியவன் அல்லன் என் தம்பி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழில் கொலை வழக்குகளைப் பற்றி வந்த கட்டுரையில், "பைத்தியம் என்று ஒரு சீட்டு வாங்கிவிட்டால் போதும், கொலையே செய்தாலும் கைவீசிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்" என்று ஒரு வரி இருந்தது. முப்பது ஆண்டுகளாகத் தங்கள் இதழ் எங்கள் வீட்டுக்கு வருகிறது. அதை முதலில் பிரித்துப் படிப்பவன் என் தம்பி. இம்முறையும் படித்தான். படித்துவிட்டு அந்தத் தாளை மட்டும் கிழித்து நான்காக மடித்துத் தன் பாய்க்கு அடியில் வைத்துவிட்டான். மூன்று நாள் கழித்துப் பாயை உதறும்போதுதான் அது என் கண்ணில் பட்டது. கடிதம் தாமதமானதற்கு அதுவே காரணம், பொறுத்தருள வேண்டும்.

1996-ஆம் ஆண்டு ஒரு விடியற்காலையில், சாயல்குடிக்குக் கிழக்கே எங்கள் கடற்கரைக் கிராமத்தில், பக்கத்து வீட்டுக்காரரின் வலைவாடிக்கு என் தம்பி தீ வைத்தான். ஓலைக் கொட்டகையோடு இரண்டு வலைகளும் வத்தை என்கிற சிறு படகு ஒன்றும் எரிந்துபோயின. அந்தக் குடும்பத்தின் பிழைப்பு அன்றோடு முடங்கியது. அதை நான் மறைக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. ஆனால், ஊரே ஓடி வந்தபோது அவன் ஓடவில்லை. கையில் தீப்புண்ணோடு அங்கேயே உட்கார்ந்து, "வலைக்குள்ள ஆளுகளக் கட்டிப் போட்டிருக்காக, கயிறு எரிஞ்சா எந்திரிச்சு வந்துருவாக" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அதற்கு முன்பு பதினொரு மாதங்கள் அவனை ஏர்வாடியில் தர்காவுக்கு அருகே ஒரு கொட்டகையில் காலில் சங்கிலியிட்டு வைத்திருந்தோம். நாங்கள் இந்துக் குடும்பம். மனநோய் தீரும் என்ற நம்பிக்கையோடு எல்லா மதத்தாரும் அங்கே வருவது இந்தக் கரையில் எல்லோரும் அறிந்ததே. அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. மனநல மருத்துவர் இருந்த ஊருக்கு மாதந்தோறும் அழைத்துச் செல்ல எங்களிடம் அன்று பணம் இல்லை, அவ்வளவுதான்.

வழக்கு வந்தபோது வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வியே, "எந்த டாக்டரிடம் காட்டினீர்கள், சீட்டு எங்கே?" என்பதுதான். அப்படி ஒரு சீட்டு எங்களிடம் இல்லை. இருந்த ஒரே தாள், சங்கிலிக்கும் பூட்டுக்கும் கடைக்காரர் எழுதித் தந்த பில். என் தாயார் அதை அரிசிப் பானைக்குள் வைத்திருந்து எடுத்துக் கொடுத்தார்.

தங்கள் கட்டுரையாளர் எளிதில் கிடைக்கும் என்று எழுதியிருக்கும் அந்தச் சலுகை எவ்வளவு குறுகிய வாசல் என்பது தாங்கள் அறியாததன்று. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவும், 1-7-2024 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆவது பிரிவும் ஒன்றைத்தான் சொல்கின்றன: செயலைச் செய்த அந்த நேரத்தில், சித்த சுவாதீனம் இல்லாததால், தான் செய்வது இன்னதென்றோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு மாறானது என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தவர் செய்தது குற்றமாகாது. நோய் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் அறிவு அப்படி இருந்தது என்று காட்ட வேண்டும். அதைக் காட்டும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான் விழுகிறது. செயலுக்கு முன்னும், செயலின்போதும், பின்னும் நடந்தவற்றைக் கொண்டு அப்படித்தான் இருந்திருக்கக்கூடும் என்று காட்டினால் போதும் என உச்ச நீதிமன்றம் 1964-இல் ஒரு குஜராத் வழக்கில் சொன்னதால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. அவன் ஓடாமல் உட்கார்ந்திருந்ததையும், கணுக்காலில் இருந்த சங்கிலித் தழும்பையும், ஊரார் ஆறு பேரின் சாட்சியத்தையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சாட்சி சொன்னவர்களில் ஒருவர், வாடியைப் பறிகொடுத்த அந்தப் பக்கத்து வீட்டு அண்ணன்.

அதற்குள் இரண்டு ஆண்டுகள் அவன் சிறையில் இருந்துவிட்டான். விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லை என்று வழக்கு இரு முறை ஒத்திவைக்கப்பட்டது. 1998-இல் விடுதலைத் தீர்ப்பு வந்தது. ஆயினும் அவன் கைவீசிக்கொண்டு வெளியே வரவில்லை. இந்தக் காரணத்துக்காக விடுவிக்கும்போது, செயலை அவர்தான் செய்தாரா இல்லையா என்று நீதிமன்றம் குறிப்பிட்டு எழுத வேண்டும். செய்தார் என்றால் பாதுகாப்புக் காவலில் வைக்க ஆணையிட வேண்டும், அல்லது பிணை எழுதிக் கொடுக்கும் உறவினரிடம் ஒப்படைக்க வேண்டும். அவனை அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவனால் அவனுக்கோ பிறருக்கோ தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வேன் என்று 2003-இல் நான் கையெழுத்திட்ட பிறகே வீட்டுக்கு வந்தான். அந்தக் கையெழுத்துக்கு இன்றுவரை நான் கட்டுப்பட்டிருக்கிறேன். வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கிறேன்.

அதே கட்டுரையில் குடிபோதையில் செய்ததற்கும் மன்னிப்பு உண்டு என்பதுபோல் எழுதியிருந்தது என்னை மேலும் புண்படுத்தியது. தானே விரும்பிக் குடித்தவருக்குச் சட்டம் அந்த விலக்கைத் தரவில்லை. அவருக்குத் தெரியாமலோ, அவர் விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஊட்டப்பட்டிருந்தால்தான் அந்தப் பேச்சே எழும். ஏழு வயது நிரம்பாத குழந்தை செய்ததும் குற்றமன்று என்று, இத்தகைய விலக்குகளைச் சொல்லும் சட்டத்தின் அதே அத்தியாயம்தான் சொல்கிறது. இருபது முப்பது பேர் இருக்கும் படகின் மேல் தன் கப்பல் மோதாதிருக்கத் திசை திருப்பினால் இரண்டு பேர் இருக்கும் படகுக்கு ஆபத்து நேரக்கூடும் என்று தெரிந்தும், தன் தவறின்றி அந்த நெருக்கடியில் சிக்கிக் கப்பலைத் திருப்பிய தலைவனும் அங்கேதான் எடுத்துக்காட்டாக வருகிறான். கடலுக்குப் போகும் எங்கள் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், யாரும் அதை ஓட்டை என்று சொல்லமாட்டார்கள்.

2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியால் கட்டுண்டு ஓட முடியாமல் 28 பேர் மாண்டபோது, தங்கள் இதழும் அந்தக் கால்களைப் படம் பிடித்து அட்டையில் போட்டது. அன்று அவர்கள் மீது காட்டிய இரக்கம் எங்கே போயிற்று? நான்கு ஆண்டுகளுக்கு முன் "மனநோயாளி வெறியாட்டம்" என்று தலைப்பிட்டபோதும் எழுதினேன். என் கடிதத்தில் வணக்கமும் பாராட்டும் அச்சேறின, நான் சொல்ல வந்தது வெட்டப்பட்டிருந்தது.

இம்முறை நான் கேட்பது ஐந்து வரிதான். அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இந்தக் காரணத்தால் விடுவிக்கப்படுகிறவர் உடனே வீடு திரும்புவதில்லை என்றும், போதைக்கு அப்படி விலக்கு இல்லை என்றும் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இடமிருந்தால், மனநோயாளிகளுக்கு வழக்கு நடத்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு என்பதையும், அரசு மருத்துவமனையில் தரும் புறநோயாளிச் சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் பத்திரப்படுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அந்த இதழ் வந்ததும் பாய்க்கு அடியில் இருக்கும் தாளை எடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
சாயல்குடி வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.
(என் தம்பியை முன்னிட்டுப் பெயரை வெளியிட வேண்டாம்.)