ஒஸ்டாயனின் வரிகளைப் பத்தியாக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இலக்கிய இணைப்பில் பெல்ஜியக் கவிஞர் பவுல் வான் ஒஸ்டாயனைப் பற்றி வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். தமிழ் நாளேடு ஒன்று இவருக்கு அரைப்பக்கம் ஒதுக்கியது அரிய செயல், அதற்கு நன்றி. ஆனால் அவரை எழுத்துகளைத் தாளில் வாரி இறைத்த குறும்புக்காரர் என்ற அளவில் நிறுத்திவிட்டதையும், அவருடைய கவிதையின் மொழிபெயர்ப்பை, இடநெருக்கடியால்தானோ என்னவோ, வரி முறிக்காமல் உரைநடைப் பத்தியாக அச்சிட்டதையும் என்னால் ஏற்க இயலவில்லை. மார்த்தாண்டத்தில் ஓர் அச்சகத்தில் 28 ஆண்டுகள் ஈய எழுத்து கோத்தவன் நான். ஆன்ட்வெர்ப்பில் செவிலியராகப் பணிபுரியும் என் மகள் அனுப்பித் தந்த கவிதைநூல் மறுபதிப்பின் வழியாகவே இக்கவிஞரை அறிந்தேன். அந்தப் பக்கங்களை முதலில் பார்த்தது என் கண் அன்று, என் விரல்கள் என்றே சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு சிறு திருத்தம். பிளெமிஷ் என்பது கட்டுரையில் உள்ளதுபோல் தனியொரு மொழி அன்று. பெல்ஜியத்தின் வடபகுதியில் வழங்கும் டச்சு மொழிதான் அது. 1741இல் குளச்சலில் தோற்றுப்போன டச்சுக்காரர்களையும், உதயகிரிக் கோட்டையில் அடங்கியிருக்கும் டச்சுத் தளபதி தெலனாயையும் அறிந்த நம் மாவட்டத்தாருக்கு அம்மொழியின் பெயராவது புதிதாயிராது.

ஒஸ்டாயன் 1896 பிப்ரவரி 22 அன்று ஆன்ட்வெர்ப்பில் பிறந்தவர். அந்நகரத்தின் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். 1914 அக்டோபரில் நகரம் ஜெர்மன் படையிடம் வீழ்ந்து, நான்கு ஆண்டுகள் அதன் பிடியிலேயே இருந்தது. அக்காலத்தில் பெல்ஜியத்தின் ஆட்சியும் படைத்தலைமையும் உயர்கல்வியும் பிரெஞ்சு மொழியின் கையில் இருந்தன. தாய்மொழிக்காகக் குரல் கொடுத்த இளைஞர்களில் ஒரு சாரார், ஆக்கிரமித்த படை கொடுத்த சலுகைகளையே பயன்படுத்திக்கொள்ளத் துணிந்தனர். ஒஸ்டாயனும் அவர்களுள் ஒருவர். மொழியை வைத்து எல்லை மாறிய மாவட்டத்தில் வாழும் எனக்கு அந்த வேட்கை புரிகிறது, ஆயினும் அவர்கள் தேர்ந்த துணையை நியாயப்படுத்த மனம் வரவில்லை. போர் முடியும் தறுவாயில், 1918இல், அவர் பெர்லினுக்குத் தப்பிச் சென்றார். கட்டுரை இதைக் கலைஞர்களைச் சந்திக்கச் சென்ற பயணம்போல் எழுதியிருக்கிறது.

பெர்லினில் அவர் கண்டது பசியும், 1919 ஜனவரியில் நசுக்கப்பட்ட ஸ்பார்ட்டகஸ் எழுச்சி என்ற இடதுசாரிக் கிளர்ச்சியும். 1918இல் வெளியான ‘சிக்னல்’ தொகுப்பில் மனிதகுலச் சகோதரத்துவத்தை நம்பிப் பாடியவர், 1921இல் வெளிவந்த ‘ஆக்கிரமிக்கப்பட்ட நகரம்’ நூலில் எதையும் நம்பாதவராக எழுதுவதற்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளே காரணம். அந்நூலின் எழுத்துகள் சிதறுவது குண்டு விழுந்த நகரத்தில்; கப்பல் வராத துறைமுகத்தைப் பாடும் பக்கத்தில் அச்சும் அதற்கேற்ப வெறித்துக் கிடக்கிறது. இசையரங்கக் காட்சியில் ‘பூம்’ என்ற பேரிகை முழக்கம் பெரிய எழுத்தில் அதிர, அடுத்த சொற்கள் சிறுத்து ஒதுங்குகின்றன. நூலுக்கு மரச்செதுக்குப் படங்கள் செய்தவர் அவருடைய நண்பர், சிற்பி ஆஸ்கர் யெஸ்பெர்ஸ்.

நம் புலவர்களின் தேர்பந்தம், நாகபந்தம் போன்ற சித்திரகவிகளைக் கட்டுரையாளர் ஒப்புமைக்கு எடுத்துக்கொள்கிறார். அங்கே எழுத்துகள் ஓர் உருவத்துக்குள் அடங்குகின்றன; ஒஸ்டாயனிடத்தில் எழுத்தின் பருமனும் இடைவெளியும் எங்கே ஓங்கி ஒலிக்க வேண்டும், எங்கே மூச்சை நிறுத்த வேண்டும் என்று வாய்க்குக் கட்டளையிடுகின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணினித் திரையில் வெற்றிடம் விரல் தட்டினால் கிடைக்கும். ஈய அச்சிலோ ஒவ்வொரு வெற்றிடத்தையும் எழுத்தைவிடக் குட்டையான ஈயத் துண்டையோ மரக்கட்டையையோ வைத்து நிரப்பி, சேஸ் என்ற இரும்புச் சட்டத்தில் இறுக்கிப் பூட்டினால்தான் பக்கம் நிற்கும். ஓர் இடம் தளர்ந்தாலும் தூக்கும்போது முழுப் பக்கமும் உதிர்ந்துவிடும். அப்படியொரு பக்கத்தைப் பூட்டியவன் எவனும் அதை இறைத்தது என்று சொல்லமாட்டான்.

தங்கள் இணைப்பில் பத்தியாக்கப்பட்ட ‘மெலோபே’ பிந்தைய காலக் கவிதை. அதில் பெரிய எழுத்து இல்லை, சிதறல் இல்லை. நிலவின் கீழ் நெடிய ஆறு, ஆற்றின் மேல் களைத்த நிலவு, கடலை நோக்கி ஒரு தோணி, அதில் ஒரு மனிதன், அவ்வளவுதான். மூலத்தில் ஆறும் நிலவும் தோணியும் ஒரே வினைச்சொல்லால் நழுவுகின்றன. மொழிபெயர்ப்பாளர் அழகு கருதி ஓடுகிறது, தவழ்கிறது, மிதக்கிறது என்று மாற்றி மாற்றிப் போட்டுவிட்டார். அந்த ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதில்தானே கவிதையின் நீரோட்டம் இருக்கிறது? மேலும் டச்சு மொழியில் நிலவு ‘மான்’, மனிதன் ‘மன்’. குறிலும் நெடிலுமாக, ஒரு மாத்திரை வித்தியாசத்தில், இருவரும் இணைந்து கடலுக்குப் போகிறார்கள். மகள் தொலைபேசியில் அந்தக் கடைசி வரியை வாசித்துக் காட்டியபோது பொருள் கேட்பதற்கு முன்பே எனக்கு அது பிடிபட்டது. குறில் நெடில் படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதைச் சொல்லாமல் விட்டது பெரிய இழப்பு. தோணியைப் ‘படகு’ என்று எழுதியிருப்பதும் எனக்கு உறுத்துகிறது. குழித்துறை ஆறு தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தை நோக்கி இறங்குவதைத் தினமும் பார்க்கிற எங்களுக்கு அது வள்ளம்தான்.

காசநோயால் 1928 மார்ச் 18 அன்று அவர் இறந்தபோது வயது 32. காலையில் எழுந்து நாற்காலிக்கும் ரொட்டிக்கும் மீனுக்கும் வணக்கம் சொல்லும் மார்க் என்ற சிறுவனைப் பற்றிய கவிதையும் அவருடைய இறுதிக்கால எழுத்தே. அதைக் குழந்தைப் பாட்டு என்று ஒரு வரியில் கட்டுரை தள்ளிவிடுகிறது. பேரிகை முழக்கத்தில் தொடங்கிய அதே காதுதான் அந்தச் சிறுவனின் மழலையையும் கேட்டது.

எனவே ‘மெலோபே’ கவிதையை மட்டுமாவது அதன் வரிகளோடும், ஒரே வினைச்சொல்லோடும் வரும் இணைப்பொன்றில் மறுபடியும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பத்து வரிகூட இல்லை, நாளேட்டின் ஒரு நெடும்பத்தியில் கால்வாசி இடம் போதும். மெய்ப்பு பார்க்க ஆள் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள், அன்றைக்கே பார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.