மகளின் நேரசூசி பற்றி

அன்புள்ள சுகந்தி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் நோவு குறைந்தது பெரிய நிம்மதி. முள்ளியவளையில் நாங்கள் எல்லோரும் சுகம். வயல் வெட்ட இன்னும் நாள் கிடக்கிறது.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று மகளுக்கு நீ போட்ட நேரசூசியை இரண்டு தரம் பார்த்தேன். விடியப்புறம் 4 மணிக்கு எழுப்பி, இரவு 10 மணி வரை படிப்பு. அதை மாற்று, சுகந்தி. என் பெரியவனுக்கு நானும் இதையேதான் செய்தேன். பள்ளிக்கூடம் 1.30க்கு விட, சோறு தின்ற கையோடு ரியூசன், பின்னேரம் இன்னொரு ரியூசன். ஆனி மாதமளவில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் பேப்பரில் பெயரைப் பாதி எழுதியபடியே மேசையில் நித்திரையாகிவிட்டான். அந்தப் பேப்பரை இன்னும் எறியவில்லை.

சின்னவள் 2025 ஆகஸ்ட் 10இல் புலமைப்பரிசில் எழுதினாள். அவளுக்கு முதலில் நித்திரையைத்தான் குறித்தேன்: இரவு 9 முதல் விடிய 5.30 வரை. மத்தியானம் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே பெரியவர்களுக்கே தலை வேலை செய்யாது. அந்த நேரத்தைப் படிப்பில் சேர்க்கவேயில்லை. 4 மணிக்கு விளையாட்டு. விளக்கு வைத்த பிறகு 6.15 முதல் 8 வரை, நடுவில் பத்து நிமிடம் விட்டு, படிப்பு. ஒரு நாளைக்கு ஒரு பாடம் மட்டும். ரியூசன் கிழமைக்கு இரண்டு நாள்தான்.

சனிக்கிழமை மட்டும் முழுப் பேப்பர். சரியாக 9.30க்கு, பரீட்சை நடக்கும் ஒழுங்கிலேயே. இப்போது இரண்டாம் வினாத்தாளைத்தான் முதலில் கொடுக்கிறார்கள்: 60 கேள்வி, ஒன்றேகால் மணித்தியாலம். பிறகு அரை மணித்தியால இடைவேளை, அதன்பின் முதலாம் வினாத்தாள்: 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். இந்த முதலாம் வினாத்தாளில் ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்தான் வருகிறது. நுண்ணறிவுக் கேள்வி ஒன்றில் மாட்டிக்கொண்டால் பிள்ளைகள் அதிலேயே நின்றுவிடுவார்கள். ஒரு புள்ளடி போட்டுவிட்டுத் தாண்டிப் போகப் பழக்கு. எங்களுக்கு அதற்கே இரண்டு மாதம் பிடித்தது.

பேப்பர் திருத்தியதும் அடுத்த பேப்பரைத் தூக்காதே. பிழைகளுக்கென்று ஒரு கொப்பி வை. தெரியாமல் விட்டதா, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லையா, அவசரமா என்று அவளையே எழுதச் சொல். சின்னவளுக்குக் கணக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ‘அல்லாதது எது’ என்ற கேள்விகளில்தான் புள்ளி போனது. அந்தக் கொப்பி இல்லாவிட்டால் எனக்கு அது பிடிபட்டிருக்காது, இன்னும் நாலு கணக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

சுற்றாடல் பாடத்துக்குப் பின்னேரங்களில் அவளைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. பாலை எது, வீரை எது என்று இலையைக் கையில் கொடுத்துக் காட்டினால் மறக்கமாட்டாள். நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் பாடமாக்கினதில் எத்தனை இப்போது ஞாபகம் இருக்கிறது? உன் அப்பு வழியில் காட்டித் தந்த மரங்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

வெட்டுப்புள்ளியை, அதுதான் சித்தியடையத் தேவையான குறைந்த புள்ளியை, பற்றி அவளுக்கு முன்னால் கதைக்காதே. அது மாவட்டத்துக்கு மாவட்டம், வருஷத்துக்கு வருஷம் மாறும். பிள்ளை பிடித்துவைத்திருக்கக்கூடிய சாமானில்லை. அந்தப் புள்ளி கிடைத்தால் உதவிப்பணமும் விரும்பிய பள்ளிக்கூடமும் கிடைக்க வழியுண்டு. கிடைக்காவிட்டாலும் ஆறாம் ஆண்டுக்குப் போகத்தான் போகிறாள். இதை அவள் உன் வாயால் ஒருதரம் கேட்கட்டும். பெரியவனுக்கு நான் அதைச் சொல்லவேயில்லை.

சின்னவளின் பழைய பேப்பர் கட்டு, பிழைக் கொப்பி இரண்டையும் நெடுங்கேணிக்கு வரும்போது கொண்டு வருகிறேன். அதற்குள் ஒன்று எழுது: மகள் தானாக எத்தனை மணிக்குக் கண் முழிக்கிறாள்? எழுப்பாமல் விட்டுப் பார்த்துச் சொல்.

அன்புடன்,
வாணி