கையெழுத்துக்கு முன் விளக்கம் வேண்டும்

ஆசிரியருக்கு,

மருத்துவ ஆய்வுகளில் சேர மக்கள் தயங்குவது அறியாமையால் என்று உங்கள் ஞாயிறு இதழ்ச் செய்தி சொல்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் சனம் மருத்துவத்தை நம்புகிறது. கிளினிக் நாளில் விடியமுன்னரே வரிசையில் நிற்கிறது. அது நம்பாதது விவரம் திரட்டும் கையை. போர்க்காலத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம் என்று பதிந்து பதிந்தே பயந்த ஊர் இது. அரசை நம்பாதவர் படிவத்தையும் நம்பமாட்டார்.

போன வருடம் என் பெரியம்மாவிடம் நீரிழிவு ஆய்வொன்றுக்குக் குருதி கேட்டார்கள். படிவம் முழுக்க ஆங்கிலம். பேனையை வாங்கியவர், "இது ஆருக்குப் போகுது தம்பி?" என்று கேட்டார். பதில் வரவில்லை. பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆய்வின் நோக்கம், பணம் தருபவர், விரும்பியபோது விலகும் உரிமை எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்று மனிதரை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்காக உலக மருத்துவச் சங்கம் வெளியிட்ட 1964இன் ஹெல்சிங்கி பிரகடனம் வழிவந்த நெறிகளே கூறுகின்றன. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்தார். இன்று ஒரு சம்மதப் படிவத்தைத் தமிழில் தருவது கடினமா? ஆய்வாளர்கள் முதலில் சனசமூக நிலையங்களுக்கு வந்து பேசட்டும். படிவத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு ஒரு கிழமை கழித்துக் கையெழுத்துக் கேட்கட்டும்.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்