மின்னூலுக்குக் காசு கொடுக்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாதாமாதம் மின்னூல் வாங்கிப் படிக்கும் தமிழ் வாசகர்கள் பினாங்கில் இருக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் நூல்களுக்கும் அவர்கள் வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுப்பதுதான் வருத்தம்.

தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களை யாரும் பதிப்பித்து விற்கலாம். கல்கியின் ஒரே நாவல் இணையக் கடைகளில் பல அட்டைகளில், பல விலைகளில் கிடப்பது அதனால்தான். வாங்குமுன் நூலின் பெயரைத் தமிழிலேயே தட்டி மதுரைத் திட்டத்தில் தேடுங்கள். 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றிவரும் தொகுப்பு அது. இக்கால எழுத்துக்கு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம்.

பதிவிறக்கும்போது கோப்பின் வடிவத்தைப் பாருங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். மின்னூல் படிக்கும் கருவியின் 6 அங்குலத் திரையில் எழுத்து எறும்பாகத் தெரியும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். மின்னூலுக்கென்றே உள்ள இபப் (EPUB) கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி தானாக மடங்கிக்கொள்ளும். அமேசானின் கிண்டில் கருவிக்குக் கோப்பை அனுப்பும் 'சென்ட் டு கிண்டில்' சேவை இபப்பை ஏற்கிறது. பழைய மொபி (MOBI) வடிவத்தை ஏற்பதில்லை.

விலை கொடுத்து வாங்குவதானால் மாதிரிப் பக்கங்களை இறக்கிப் பாருங்கள். 'ர' வர வேண்டிய இடத்தில் துணைக்காலும், துணைக்கால் இடத்தில் 'ர'வும் இருந்தால், ஸ்கேன் செய்த பக்கத்தைக் கணினி படித்ததோடு சரி, மெய்ப்புப் பார்க்க ஆளில்லை என்று பொருள். அந்தப் பதிப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

டாலர் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. நாணய மாற்று, வங்கிக் கட்டணம் எல்லாம் சேரும். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு மலேசியாவில் 2020-இல் வந்த சேவை வரியும் 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. கடைசித் தொகையைப் பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

பலர் கோட்டைவிடுவது வருமான வரியில். 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கைமுறை வரி விலக்கில் மின்னூலும் சேரும். உங்கள் வருமானத்தின் மேல்பகுதிக்கு 11 விழுக்காடு வரி என்றால், 600 வெள்ளிக்கு வாங்கிய நூல்களால் 66 வெள்ளி மிச்சம். வீட்டு இணையக் கட்டணமும் கைப்பேசியும் இதே 2,500-க்குள்தான் அடங்கும் என்பதால் அவற்றை முதலில் கூட்டிப் பாருங்கள். மின்னஞ்சலில் வரும் ரசீதுகளைத் தனிக் கோப்புறையில் போட்டு 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். வருமான வரி வாரியம் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு பதிப்பில் நூல் அறிமுகம் வரும்போது, மின்னூல் உண்டா, எந்த வடிவில், என்ன விலை என்று ஒரு வரி சேர்த்து வெளியிடுங்கள். உள்ளூர் எழுத்தாளர்களின் நூல்களுக்கு இது மிகவும் தேவை.

இப்படிக்கு,
வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு