திருவல்லிக்கேணி வீட்டின் கூரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற ஐப்பசி அடைமழையில் எங்கள் பூர்வீக வீட்டின் மச்சு ஒழுகத் தொடங்கியது. ரேழிச் சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்ந்தது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர், இடித்துவிட்டு நான்கு மாடி எழுப்புவதே கெட்டிக்காரத்தனம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஏறக்குறைய இணங்கிவிட்டோம் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. இன்று அதே மச்சின் கீழ் அமர்ந்து இதை எழுதுகிறேன் என்றால், அதற்குக் காரணமானவர்கள் நீங்கள்.

முதல் நன்றி பெரிய கொத்தனாருக்கு. சுவரை விரலால் சுரண்டிப் பார்த்த அவர், நோய் மழையால் வந்ததன்று, என் தந்தையார் பூசிய சிமெண்டால் வந்தது என்றார். கடற்காற்றோடு சுவரில் ஏறும் ஈரத்தையும் உப்பையும் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும் என்றும், சிமெண்டோ உள்ளேயே அடைத்துவைத்துச் செங்கல்லைப் பொடியாக்கிவிடும் என்றும் அவர் விளக்கியபோது, வீட்டைக் காப்பதாக எண்ணிச் செலவழித்த தந்தையாரை நினைத்துச் சற்றே வருந்தினேன். பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தேடி வாங்கி, நீற்றி, வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த அவருடைய பொறுமைக்குக் கூலி கொடுத்தோமே தவிர ஈடு கொடுக்கவில்லை.

எங்களுடையது மெட்ராஸ் டெரஸ் என்று வழங்கப்படும் கூரை. தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வரிசையில் நெட்டுக்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, மரக்கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள். அந்த அடித்தலை மூன்று நாள் வரிசையாக அமர்ந்து, பேச்சும் சிரிப்புமாகச் செய்து முடித்த ஐந்து பெண்களுக்குத் தனியே நன்றி. உளுத்த இரண்டு உத்திரங்களை மட்டும் மாற்றி மற்றவற்றைத் தொடாமல் விட்ட தச்சருக்கும் நன்றி.

என் மனம் தளர்ந்த வேளைகளில், ஓய்வுபெற்ற பொறியாளரான எதிர்வீட்டு மாமா என்னைக் கடற்கரைச் சாலையில் அழைத்துப்போனார். 1768-இல் ஆர்க்காட்டு நவாபுக்காக எழுந்த சேப்பாக்கம் மாளிகையையும், ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைத்து 1879-இல் முடிந்த செனட் மாளிகையையும் காட்டி, "இவையெல்லாம் இதே காற்றில்தானே நிற்கின்றன?" என்று கேட்டார். பளிங்கோ என்று வெளிநாட்டுப் பயணிகள் வியந்த மதராஸ் சுண்ணப் பூச்சும் இந்தக் கிளிஞ்சலிலிருந்து வந்ததுதான் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். ஒப்பந்தக்காரரின் தாளை மடித்து வைத்தது அன்று மாலைதான்.

நொச்சிக்குப்பத்துப் பெரியவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். கடல் இவ்வளவு தள்ளி இருக்க, சுவரில் உப்பு எப்படி என்று நான் கேட்டதற்கு, அவர் மணலைக் காட்டினார். 1876-இல் துறைமுக வேலை தொடங்கிக் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்ட பின், தெற்கிலிருந்து நீரோட்டம் கொண்டுவரும் மணல் அங்கே தடைப்பட்டு இந்தப் பக்கம் சேர்ந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. நாம் உலாவும் மெரினாவின் அகலம் அப்படி வந்தது. கடல் விலகினாலும் காற்று விலகவில்லை என்று அவர் சொன்னதைக் கேட்டபின், கிழக்குச் சுவருக்கு மட்டும் இன்னொரு பூச்சு பூசச் சொன்னேன்.

தூசியையும் சத்தத்தையும் பொறுத்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், தண்ணீர் பிடிக்க விட்டவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

ஊறிய சுண்ணாம்பு இரண்டு தொட்டி அளவு பின்கட்டில் மீந்திருக்கிறது. பழைய வீட்டைப் பழுதுபார்ப்பவர் எவராயினும் ஒரு பாத்திரத்தோடு வந்து எடுத்துச் செல்லலாம். மேலே நீர் நிற்கும்படி மட்டும் வைத்திருங்கள்.

நன்றியுடன்,
வீட்டார் அனைவரின் சார்பில்