கீழ் அறை கிடைக்குமா கேள்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள கண்ணு,

"இந்தியா ஃபுட்பாலில் என்றைக்கப்பா ஜெயித்தது?" என்று கேட்டுவிட்டுப் பட்டென்று போனை வைத்தாய். அப்புறம் எடுக்கவே இல்லை. சரி, பதிலை எழுதிவிடுகிறேன்.

1951இல் டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். ஆஸ்திரேலியாவை 4-2 என்று அடித்தபோது நெவில் டிசோசா ஒருவரே மூன்று கோல் போட்டார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மறுபடி தங்கம். சாப்பிட்ட கையைக் கூடக் கழுவாமல் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஃபுட்பாலுக்கு ஓடிய வயதிலேயே உனக்கு இதெல்லாம் சொல்லியிருக்கிறேன். காதில் வாங்கினால்தானே.

அந்த ஜகார்த்தா ஃபைனலைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. லீக்கில் நம்மை 2-0 என்று தோற்கடித்த அதே தென் கொரியா. மைதானம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சல். நம் கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஜர்னைல் சிங் டிஃபென்ஸ் ஆட்டக்காரர், தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. கோச் ரஹீம் அவரை ஃபார்வர்டுக்கு அனுப்பினார். பி.கே. பானர்ஜி முதல் கோல், ஜர்னைல் இரண்டாவது. 2-1. ஜர்னைல் ஆடிய மோகன் பகான் கிளப் இருக்கிற கல்கத்தாவில் இருந்துகொண்டா இப்படிக் கேட்கிறாய்?

இதைப் படித்துவிட்டு நீயும் வலியோடு இறங்கிவிடாதே. அவருக்குத் தையல் தலையில். கால் நன்றாக இருந்தது.

தங்கியிருப்பது இரண்டாவது மாடி என்றாயே, கீழ் அறை கிடைக்குமா கேள். வாடகை கூடினாலும் பரவாயில்லை, நான் அனுப்புகிறேன்.

மூலத்தறை அணையில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். தென்னைக்குக் கள் இறக்கப் புது ஆள் வருகிறார். பேப்பரில் வந்த உங்கள் டீம் படத்தை டீக்கடையில் இன்னும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். போகிற வருகிறவனிடம் எல்லாம் நீ எங்கே நிற்கிறாய் என்று காட்டுவதே எனக்கு வேலை. போன் எடுக்காத பிள்ளைக்கு இதுவே அதிகம்.

அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளைத் திட்டாதே. கோயம்புத்தூரில் நல்ல எலும்பு டாக்டர் ஒருவர் இருக்கிறாராம். வேலந்தாவளம் வழியாகக் காரில் கூட்டிப்போய்விடலாம். சும்மா காதில் விழுந்தது, அதனால் எழுதுகிறேன்.

கீழ் அறை கேட்டாயா?

ஊருக்கு வா. ஷாலிமார் வண்டியில் டிக்கெட் நானே போடுகிறேன். எந்தத் தேதி என்று மட்டும் அம்மாவிடமாவது சொல். லோயர் பர்த் தீர்ந்துவிடும்.

அப்பா